சிரிப்பிலும் சுருதி சேர வேண்டும்

(நமது ஸ்ரீ விஜயபுரம் நிருபர்)

"அப்பா, நம்ம பாட்டெல்லாம் சிரிப்புப் பாட்டா?"

ஒரு நாள் மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக் கொண்டிருந்தபோது என் மகன் இப்படிக் கேட்டான். அவனுக்கு வயது பத்து. நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

நடந்தது இதுதான். ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகள் ஒரு பழைய ஹிந்திப் படப் பாட்டை நடித்துக் காட்ட ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் நின்றுகொண்டு இரண்டு பேர் போட்டி போட்டுப் பாடும் பாட்டு. அதில் ஒருவர் குடுமியும் நெற்றிக்குறியுமாக வரும் சங்கீத வாத்தியார். "நீதான் மதராஸி ஆச்சே, உனக்கு வேஷமே போட வேண்டாம்" என்று சொல்லி அந்தப் பாத்திரத்தை என் மகன் தலையில் கட்டிவிட்டார்கள். அவன் வாயைத் திறந்து 'ஐயய்யோ' என்று இழுக்கும்போதெல்லாம் ஒரே சிரிப்பாம். முதலில் அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசனை பிறந்திருக்கிறது. விடியற்காலையில் பாட்டி முணுமுணுக்கும் பாட்டும், முருகன் கோயிலில் நாயனக்காரர் வாசிக்கும் பாட்டும் இதே வகைதானே? அப்படியானால் அவையும் சிரிப்பதற்காக ஏற்பட்டவைதானா?

அந்தமானில் வாழும் தமிழர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. இங்கே கடைத்தெருவில் பேசுவது ஹிந்தி. பக்கத்து வீட்டில் வங்காளம், எதிர்வீட்டில் தெலுங்கு, மாடியில் மலையாளம். எல்லோரும் ஒருவருக்கொருவர் உதவியாகத்தான் இருக்கிறோம். ஆனாலும் கேலி என்று வந்துவிட்டால் நமது உச்சரிப்புத்தான் முதலில் மாட்டிக் கொள்ளும். பெரியவர்கள் பழகிவிட்டோம். பத்து வயதுப் பிள்ளை பழகவில்லை. அவன் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடப் போய், பூனை, எலி, பாகவதர், ரயில் வண்டி என்று நான் எங்கெங்கோ சுற்ற நேர்ந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பேச்சில்லாத படம்

எங்கள் குடியிருப்பில் ஐந்து மொழி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் சண்டை சச்சரவில்லாமல் கூடி உட்கார்ந்து பார்ப்பது 'டாம் அண்டு ஜெர்ரி' கார்ட்டூன் ஒன்றைத்தான். காரணம் எளிது. அந்தப் பூனையும் எலியும் அநேகமாகப் பேசுவதே இல்லை. பேச்சுக்குப் பதில் வாத்திய இசைதான் பேசுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடியது 'தி கேட் கன்செர்ட்டோ' என்ற படம். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் இயக்கியது. 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. டாம் பூனை கறுப்புக் கோட்டு அணிந்து மேடைக்கு வருகிறது. சபைக்கு வணக்கம் செலுத்தி பியானோவின் முன் அமர்கிறது. ஹங்கேரி நாட்டு மேதை ஃப்ரான்ஸ் லிஸ்ட் 1847இல் இயற்றிய 'ஹங்கேரிய ராப்ஸடி' இரண்டாம் உருப்படியை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள் தூங்கிக் கொண்டிருந்த எலிக்குத் தூக்கம் கலைந்துவிட, அதன் பின் ஒரே அமளி. கட்டைகளின் மூடி பூனையின் விரல் மேல் விழுகிறது. கட்டை இருக்க வேண்டிய இடத்தில் எலிப்பொறி வந்து உட்காருகிறது. பூனை அத்தனை அடியையும் வாங்கிக் கொண்டு வாசிப்பை மட்டும் நிறுத்துவதில்லை. கடைசியில் களைத்து விழுகிறது. கைத்தட்டலை எலி வாங்கிக் கொள்கிறது.

அன்று எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி இருந்தார். கோயில் உற்சவத்துக்காகக் கப்பலேறி வந்து இரண்டு நாள் எங்களோடு தங்கியிருந்த, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தவில்காரர் அவர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் மட்டும் சிரிக்காமல் தொடையில் தாளம் போட்டுக் கொண்டே பார்த்தார். படம் முடிந்ததும் என்னிடம் சொன்னார்:

"தம்பி, இந்தப் பூனைக்காக வாசிச்சவன் லேசுப்பட்ட ஆளில்லை. மூடி விழுது, பொறி கடிக்குது, எலி உதைக்குது. ஆனா ஒரு இடத்திலயும் காலப்பிரமாணம் நழுவலை பாத்தீங்களா?"

"பார்க்கவில்லையே ஐயா" என்றேன். சிரித்ததில் அதைக் கவனிக்கவில்லை.

"தெரியாதவன் தப்பா வாசிச்சா அது தப்பு. தெரிஞ்சவன் வேணும்னு தப்பா வாசிச்சாத்தான் அது வேடிக்கை" என்றார் அவர்.

என் மகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலின் ஆரம்பம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

வினாடிக்கு இருபத்து நான்கு

தவில்காரர் கண்டுபிடித்தது சரியே. அக்காலக் கார்ட்டூன்களில் இசை என்பது படம் முடிந்தபின் மேலே தூவிய மசாலா அல்ல. கணக்குப் போட்டுப் பின்னிய பின்னல்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. பன்னிரண்டு சட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்துக் கொண்டால் வினாடிக்கு இரண்டு அடி. அதாவது நிமிஷத்துக்கு 120. எட்டுச் சட்டத்துக்கு ஓர் அடி என்றால் நிமிஷத்துக்கு 180; துரித காலம். பூனை எத்தனையாவது சட்டத்தில் காலைத் தூக்க வேண்டும், எத்தனையாவது சட்டத்தில் தரையில் விழ வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானித்தார்கள். வாத்தியக்காரர்கள் கணக்குத் தவறாமல் இருக்க, அவர்கள் காதில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தத்தை ஓட விடும் முறையும் ஏற்பட்டது. நம் கச்சேரி மேடையில் தாளக்காரர் செய்யும் வேலையை அங்கே ஓர் இயந்திரம் செய்தது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கு முற்றிலும் புதிய வித்தை அல்ல. நாட்டியத்தில் நட்டுவனார் ஜதி சொல்ல, அந்தச் சொல்லுக்கே பாதம் விழுகிறது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் தடுக்கி விழுந்தால் மத்தளமும் கூடவே 'தொம்' என்று விழுகிறது. மத்தளக்காரர் அரை வினாடி பிந்தினால் சிரிப்பு வராது. சிரிப்புக்கும் தாளம் உண்டு.

இந்த வித்தையில் கை தேர்ந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியில் 'டாம் அண்டு ஜெர்ரி' படங்களுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி. மற்றவர் கார்ல் ஸ்டாலிங். ஊமைப்படக் காலத்தில் கான்ஸாஸ் நகரத் தியேட்டரில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்கன் வாசித்தவர் அவர். வால்ட் டிஸ்னியிடம் சேர்ந்து 1929இல் 'எலும்புக்கூடுகளின் நடனம்' என்ற படத்துக்கு இசையமைத்தார். 1936 முதல் 1958 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களுக்கு அவரே இசையமைப்பாளர்.

சாஸ்திரீய சங்கீதம் ஏன்?

கார்ட்டூனுக்கு ஏதாவது டப்பாங்குத்து மெட்டுப் போதாதா? லிஸ்ட், ரோஸினி, வாக்னர் என்று பெரிய பெரிய மேதைகளை ஏன் தேடிப் போனார்கள்?

முதல் காரணம் காசு. பழைய மேதைகளின் உருப்படிகள் பலவற்றுக்கு உரிமைப் பணம் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது காரணம் பழக்கம். ஊமைப்படக் காலத்தில் புயல் என்றால் இந்த உருப்படி, குதிரை ஓட்டம் என்றால் அந்த உருப்படி என்று தியேட்டர் வாத்தியக்காரர்களுக்குப் பாடமாகியிருந்தது. ஜனங்களின் காதிலும் அது ஏறியிருந்தது. மூன்றாவது காரணம்தான் முக்கியம். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, இருமக்கூட அஞ்சி உட்கார்ந்து கேட்கும் சங்கீதம் அது. எவ்வளவுக்கெவ்வளவு கம்பீரமோ, வாழைப்பழத் தோலில் வழுக்கினால் அவ்வளவுக்கவ்வளவு சிரிப்பு.

1935இல் வந்த டிஸ்னியின் 'தி பேண்ட் கன்செர்ட்' இதற்கு நல்ல உதாரணம். மிக்கி மவுஸ் வண்ணத்தில் வெளிவந்த முதல் படம் அது. பூங்காவில் மிக்கி பேண்டு நடத்துகிறது. வாசிப்பது ரோஸினியின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்தின் முகப்பு இசை. தின்பண்டம் விற்க வந்த டொனால்டு வாத்து, சட்டைப் பையிலிருந்து புல்லாங்குழலை எடுத்து ஒரு நாட்டுப்புற மெட்டை ஊத, பேண்டுக்காரர்கள் தம்மையறியாமல் அந்த மெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். பிறகு புயலை வருணிக்கும் பகுதியை வாசிக்கும்போது நிஜமாகவே சூறாவளி வருகிறது. வாத்தியக்காரர்கள், நாற்காலிகள் எல்லாம் வானத்தில் சுழலுகின்றன. ஆனாலும் பேண்டு நிற்பதில்லை. சென்னையிலிருந்து இத்தீவுக்கு மழைக்காலத்தில் கப்பலில் வந்தவர்களுக்கு அந்தச் சுழற்சியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

1950இல் 'ராபிட் ஆஃப் செவில்' என்ற படத்தில் பக்ஸ் பன்னி என்ற முயல், தன்னைத் துரத்தி வந்த வேட்டைக்காரனை நாற்காலியில் உட்கார வைத்து, ரோஸினியின் இசைக்குச் சரியாகக் கத்தி போட்டுச் சவரம் செய்கிறது. 1957இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'வாட்ஸ் ஆபரா, டாக்?' என்ற படமோ, நாள் கணக்கில் நடக்கும் வாக்னரின் இசை நாடகங்களைச் சுமார் ஏழே நிமிஷத்தில் சுருக்கிக் காட்டியது. பாதுகாக்கப்பட வேண்டிய படங்கள் என்று அமெரிக்கா தொகுத்துவரும் தேசியப் பட்டியலில் 1992இல் அதுவும் சேர்க்கப்பட்டது.

ஆபரா மண்டபத்தின் வாசற்படியை மிதித்தறியாத கோடிக்கணக்கான ஏழை எளிய ஜனங்கள் ரோஸினியையும் லிஸ்டையும் முதன்முதலில் கேட்டது இந்தப் பூனை, முயல், வாத்துகளின் உபயத்தால்தான். சிரிப்பு அந்தச் சங்கீதத்தை அவமதிக்கவில்லை. வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்த்தது.

செருக்கு சிரிக்கப்பட்டது, சங்கீதம் அல்ல

இனி நம் ஊருக்கு வருவோம். கர்நாடக சங்கீதத்தை வைத்து நாம் சிரித்ததில்லையா? தாராளமாகச் சிரித்திருக்கிறோம்.

1965இல் வெளிவந்த ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதரை மறக்க முடியுமா? பாண்டியன் சபையில் வந்து, என் பாட்டைக் கேட்க ஒரு நாள் போதுமா என்று கேட்கும் பாகவதராக டி.எஸ். பாலையா நடித்தார். அவர் கையை வீசுகிற வீச்சும், சபையை ஒரு சுற்றுப் பார்க்கிற பார்வையும், தாமே தம்மை மெச்சிக் கொள்கிற தலையாட்டலும் பார்க்கிறவர்களைச் சிரிக்க வைக்கும்.

ஆனால் கண்ணை மூடிக் கொண்டு அந்தப் பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. இசை கே.வி. மகாதேவன். கண்ணதாசனின் பாட்டில் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்களின் பெயர்கள் வர வர, மெட்டும் அந்தந்த ராகத்துக்கு மாறிக் கொண்டே போகிறது. முதல் தரமான ராகமாலிகை அது. கேலிக்குரிய பாத்திரமாயிற்றே, யாரையாவது வைத்துப் பாட வைத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. உண்மையான மகா வித்வானையே பாட வைத்தார்கள்.

அதனால்தான் அடுத்து வரும் வேடிக்கை பலிக்கிறது. அவ்வளவு பெரிய பாட்டுக்காரர், இரவில் திண்ணையில் படுத்திருக்கும் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு நடுங்கிப் போகிறார். பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் நான் என்று அந்த விறகுவெட்டி சொல்ல, சீடனாகத் தேறாதவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்று இரவோடு இரவாக ஊரை விட்டே ஓடுகிறார். திருவிளையாடல் புராணத்தின் விறகு விற்ற படலம் இது. இங்கே நாம் சிரிப்பது தோடியைப் பார்த்தல்ல. பாகவதரின் செருக்கைப் பார்த்து. பூனையைப் பார்த்துச் சிரிக்கும்போது லிஸ்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை அல்லவா? அதுபோலத்தான்.

அயலார் சங்கீதத்தையும் நம்மவர்கள் விளையாட்டாக எடுத்தாண்டிருக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்லுவார்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் 'இங்கிலீஷ் நோட்டு' மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் புகழ் பெற்றது. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தில் அதுவே ஒலித்தது. கேட்டால் முகத்தில் புன்னகை வரும். ஆனால் அதில் வெள்ளைக்காரரை மட்டம் தட்டும் எண்ணம் துளியும் இல்லை. வாசிப்பதும் சுத்தமாக இருக்கும்.

கிந்தனார் ஏறிய ரயில்

சங்கீதத்தை வைத்துச் சிரிக்கச் செய்ததில் இன்னும் ஒரு படி மேலே போனவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழ்நாடெங்கும் கதாகாலட்சேபமாக நடந்து வந்தது. 1942இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடினார். பாமர ஜனங்களுக்கும் கதை மனப்பாடம். அந்தக் காலட்சேப பாணியைக் கலைவாணர் அப்படியே எடுத்துக் கொண்டார். நந்தனார் 'கிந்தனார்' ஆனார். அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதி 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அது இடம் பெற்றது.

நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான். கிந்தனோ பட்டணம் போய்ப் படிக்க ஆசைப்படுகிறான். ஒடுக்கப்பட்ட ஜாதியில் பிறந்த அந்தப் பையன் படித்து முடித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். பாகவதர் பாணியில் கலைவாணர் கதை சொல்லச் சொல்ல, ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பின்தான், யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பது உறைத்தது. அவர் கேலி செய்தது காலட்சேபத்தை அல்ல. படிக்கக் கூடாது என்று ஒருவனைத் தள்ளி வைத்தவர்களை.

இதில் எனக்குத் தனியான ஒரு பிடிப்பும் உண்டு. தண்டவாளமே இல்லாத இத்தீவில் ரயில் டிக்கெட் பதிவு செய்யும் குமாஸ்தா நான். கிந்தனார் கதையில் ஒரு ரயில் பாட்டு வருகிறது. எல்லா ஜாதிக்காரரையும் ஒரே வண்டியில் ஏற்றிக் கொண்டு போகிறாயே என்று ரயிலை வாழ்த்தும் பாட்டு. 'தி கேட் கன்செர்ட்டோ'விலும் நடுவே ஒரு ரயில் பாட்டு வருகிறது என்பது வேடிக்கையான ஒற்றுமை. பியானோவின் உள்ளே இருக்கும் சுத்தியல்கள் மேல் எலி ஆடும்போது, லிஸ்டின் இசை சற்றே விலகி, அமெரிக்க ரயில்வே கம்பெனி ஒன்றின் பெயரால் அமைந்த அக்காலத்துச் சினிமாப் பாட்டு தலைகாட்டிவிட்டுப் போகும். அங்கே அது வெறும் குறும்பு. இங்கே அது ஒரு சமூக நீதி.

மாஸ்டர் பிள்ளை

இப்போது என் மகனுக்குக் கொடுத்த வேஷத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாட்டு 1968இல் வெளிவந்த 'படோசன்' என்ற ஹிந்திப் படத்தில் இடம் பெற்றது. கதை வங்காளத்தில் பிறந்தது. 1952இல் 'பாஷேர் பாரி' என்ற பெயரில் அங்கே படமாயிற்று. 1960இல் தமிழில் டி.ஆர். ராமச்சந்திரனும் அஞ்சலிதேவியும் நடிக்க 'அடுத்த வீட்டுப் பெண்' ஆனது. பாடத் தெரியாத காதலன் வாயசைக்க, மறைவில் நின்று தோழன் பாடும் வேடிக்கையைத் தமிழ் ரசிகர்கள் நன்றாகவே ரசித்தார்கள். ஹிந்திக்குப் போனபோது சங்கீத வாத்தியார் 'மாஸ்டர் பிள்ளை' என்ற மதராஸி ஆனார். நடித்தவர் மெஹமூத். போட்டிப் பாட்டில் அவருக்காகப் பாடியவர் மன்னா டே. எதிர்ப்பக்கம் கிஷோர் குமார். இசை ஆர்.டி. பர்மன்.

நியாயமாகப் பேச வேண்டுமானால், அந்தப் பாட்டு அற்புதமான பாட்டு. மன்னா டே சாஸ்திரீய சங்கீதம் முறையாகப் பயின்றவர். அவர் உதிர்க்கும் ஸ்வரங்களில் குறை சொல்ல முடியாது. கிஷோர் குமார் முறையாகப் பயிலாதவர். ஆனால் அவர் குறும்புக்கு ஈடு இல்லை. பயின்றவனைப் பயிலாதவன் குறும்பால் வெல்கிறான் என்ற அளவில் இதுவும் பூனை எலிக் கதைதான். நானும் பலமுறை பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

வித்தியாசம் எங்கே வருகிறது? ஹேமநாதர் தோற்றது தம் செருக்கினால். கிந்தனாரை அடித்தவர்கள் தோற்றது தம் அநீதியினால். பிள்ளை சிரிப்புக்கு ஆளாவதோ பெரும்பாலும் தம் உச்சரிப்பினால், குடுமியினால், பிறந்த ஊரினால். செருக்கை ஒருவன் விட்டுவிடலாம். பிறந்த ஊரை எப்படி விடுவது?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. டெக்ஸ் ஏவரி 1952இல் எடுத்த 'மேஜிக்கல் மேஸ்ட்ரோ' என்ற கார்ட்டூனில், ரோஸினியின் பாட்டைப் பாட வந்த பாடகரை ஒரு மந்திரவாதி தன் கோலை ஆட்டி ஆட்டி வேறு வேறு வேஷங்களுக்கு மாற்றுகிறான். நாட்டியக்காரி ஆவதும், பட்டிக்காட்டுப் பாடகர் ஆவதும் சிரிப்பாகவே இருக்கும். ஆனால் சீனராகவும் கறுப்பராகவும் மாற்றி இனத்தைக் கேலி செய்யும் இடங்களும் உண்டு. அன்று அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிற்காலத்தில் அந்த இடங்களை வெட்டிவிட்டுக் காட்டியதும் உண்டு. பாட்டு அதேதான், தாளமும் தப்பவில்லை. ஆனால் அங்கே சிரிப்பின் சுருதி விலகிவிட்டது.

தவில்காரர் சொன்னதோடு நான் ஒன்றைச் சேர்த்துக் கொண்டேன். வேடிக்கை செய்ய வித்தை தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு பாதி. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பது மறு பாதி.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நாம் இதை யோசிக்க வேண்டும். யாராவது நம் பாட்டைக் கேலி செய்தால் சண்டைக்குப் போவது சுலபம். "அதெல்லாம் கண்டுக்காதே" என்று சொல்லிவிடுவது அதைவிடச் சுலபம். ஆனால் நம் பாட்டு என்பது என்ன என்று பிள்ளைக்குக் காட்டியிருக்கிறோமா? ஊரில் இருந்தால் கல்யாண வீட்டு மேளமும், கோயில் நாயனமும், மார்கழிப் பாட்டும் தானே வந்து காதில் விழும். கடல் தாண்டி வந்த இடத்தில் நாம்தான் காதில் போட வேண்டும். கச்சேரிக்குப் போக வேண்டும் என்பதில்லை. உற்சவத்தன்று சாமி புறப்பாட்டில் நாயனக்காரர் பக்கத்தில் பிள்ளையைப் பத்து நிமிஷம் நிறுத்தி வையுங்கள். தவில்காரரின் கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூலப் பாட்டைத் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளை, கேலிப் பாட்டைக் கேட்டு மனம் நோகாது. எது நல்ல வேடிக்கை, எது வெறும் சீண்டல் என்று தானே பிரித்துக் கொள்ளும்.

நான் என் மகனுக்குச் சொன்ன பதில் சிறியது. "நம்ம பாட்டு சிரிப்புப் பாட்டு இல்லை. சிரிக்கவும் தெரிஞ்ச பாட்டு" என்றேன். பிறகு இருவரும் உட்கார்ந்து ஹேமநாத பாகவதரைப் பார்த்தோம். அவன் கைகொட்டிச் சிரித்தான். பாட்டை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னான்.

தவில்காரர் புறப்படும் முன் அவனுக்கு ஆதி தாளம் போடக் கற்றுக் கொடுத்தார். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. அவன் சாப்பாட்டுத் தட்டிலும் பள்ளிப் பையிலும் இரண்டு வாரம் அதையே போட்டுக் கொண்டிருந்தான்.

ஆண்டு விழாவில் அந்த வேஷத்தை அவன்தான் போட்டான். வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன், கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கதைப்படி தோற்றும் போனான். மேடையை விட்டு இறங்கி நேரே என்னிடம் ஓடி வந்து, நெற்றிக் குறியைக்கூட அழிக்காமல் காதருகே சொன்னான்:

"கடைசி வரைக்கும் தாளம் தப்பலைப்பா."